தும்பையைக் கண்டுபிடித்து, விதை எடுத்து, வளர்க்கும் முறை

வேட்டி வெளுப்பாக இருந்தால் 'தும்பைப்பூ மாதிரி' என்போம். சங்கப் போர்வீரர்கள் சூடிய பூவும் இதுதான்; ஒரு திணைக்கே அதன் பெயர். ஆனால் செடியைக் காட்டச் சொன்னால் பலருக்குத் தெரியாது.

முதலில் தேடுமிடம். நிழலில் தேட வேண்டாம். நல்ல வெயில் விழுகிற தரிசு, வயல் வரப்பு, சாலையோரம், காலி மனை, இவைதான் தும்பையின் வீடு. மழைக்குப் பின் முளைத்து, பூத்து, விதை உதிர்த்துக் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கிளம்பினால் எளிதாகக் கிடைக்கும்.

அடுத்து அடையாளம். செடி முழங்கால் உயரத்தைத் தாண்டுவது அரிது. தண்டை இரு விரலால் உருட்டிப் பாருங்கள், உருளாது. நான்கு பட்டை இருக்கும். துளசிக் குடும்பம் அல்லவா! இலைகள் எதிரெதிராக, சொரசொரப்பாக இருக்கும். கணுக்களில் பச்சைப் பந்து போன்ற கொத்து, அதிலிருந்து வெள்ளைப் பூக்கள். ஒரு பூவை மெதுவாக உருவி உள்ளங்கையில் வையுங்கள். கீழ் உதடு அகன்று பாய் விரித்தது போல இருக்கும். மேல் உதடு சின்னது, அதன்மேல் பஞ்சு போன்ற ரோமம். மகரந்தம் அதன் அடியில் ஒளிந்திருக்கிறது. தேனீ பாயில் உட்கார்ந்து தலையை நுழைத்தால் மேலே ஒட்டிக்கொள்ளும். பூவின் அடிக்குழலை உறிஞ்சினால் ஒரு சொட்டு இனிப்பு. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியெல்லாம் எனக்கு இதுதான் வேலை. மருந்து அடித்த வயலோரம் மட்டும் வேண்டாம்.

கவிழ்தும்பையைப் பார்த்துக் குழம்பாதீர்கள். அது வேறு குடும்பம். பூ வெளிர்நீலமாகத் தலைகுனிந்து தொங்கும்.

சரி, விதை. கொத்து பழுப்பாகிக் காயும்வரை பொறுங்கள். காய்ந்த கொத்தைச் செய்தித்தாள்மேல் தலைகீழாகத் தட்டினால் பழுப்பு விதைகள் கொட்டும், பூவைத் தாங்கியிருந்த ஒவ்வொரு புல்லிக்குழலுக்கும் நான்கு வரை. எல்லாக் கொத்தையும் பறித்துவிடாதீர்கள். இது ஓராண்டுச் செடி, அந்த இடத்தில் அடுத்த வருஷம் முளைக்க உதிர்ந்த விதை மட்டுமே கதி. 'புதர் மண்டிவிட்டது' என்று பூத்திருக்கும்போதே மண்வெட்டி போடுவதும் களைக்கொல்லி தெளிப்பதும்தான் எனக்கு ஆற்றாமை. ஒரு மாதம் பொறுத்தால் போதுமே!

விதைப்பது சுலபம். முதல் மழை ஈரத்தில் மண்ணைக் கிளறி, விதையைத் தூவி, மேலே மெல்லியதாக மணல் போடுங்கள். தொட்டியானாலும் சரி, தண்ணீர் தேங்கக் கூடாது. உரம் தேவையில்லை. இலை சொரசொரப்பாகி, தண்டில் பட்டை தெரியும்வரை அந்த இடத்தில் களை பறிக்க வேண்டாம். நாற்றைப் புல் என்று பிடுங்கிவிடுவோம்.