வாசகரிடம் உதவி கேட்பது எப்படி?

செய்தியை வெளியிட்டுவிட்டு, அதன் அடியில் "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்பதையே வாசகர் பங்கேற்பு என்று பல ஊடகங்கள் கருதுகின்றன. அந்தக் கேள்விக்கு நூறு பதில்கள் வந்தாலும் அவற்றைக் கொண்டு அடுத்த செய்தியை எழுத முடிவதில்லை. செய்தி இன்னும் முடிவடையாத நிலையில், நிருபருக்குத் தெரியாத ஒன்றை அறிந்திருக்கக்கூடிய வாசகரைத் தேடிக் கேட்பதே பயன் தரும்.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டாகச் சொல்வது, 2016-இல் வாஷிங்டன் போஸ்ட் நிருபர் டேவிட் ஃபேரன்ட்ஹோல்ட் செய்த பணி. டொனால்ட் டிரம்ப் தம் சொந்தப் பணத்தை எந்த அறக்கட்டளைகளுக்கு வழங்கினார் என்பதை அறிய, 300-க்கும் மேற்பட்ட அமைப்புகளைத் தொடர்புகொண்ட அவர், யாரிடம் கேட்டார், என்ன பதில் வந்தது என்பதைக் கையால் குறித்துவைத்து, அந்தத் தாள்களைப் படமெடுத்து ட்விட்டரில் வெளியிட்டார். டிரம்பின் அறக்கட்டளைப் பணத்தில், 10,000 டாலருக்கு ஏலத்தில் வாங்கப்பட்ட டிரம்பின் உருவப்படம் இப்போது எங்கே இருக்கிறது என்றும் கேட்டார். ஒரு வாசகர் டிரிப்அட்வைசர் தளத்தில் பயணிகள் பதிந்த படங்களைத் துழாவி, மயாமி அருகே டோரலில் உள்ள டிரம்பின் கோல்ஃப் விடுதிச் சுவரில் அது தொங்குவதைக் கண்டுபிடித்தார். இந்தப் புலனாய்வுக்கு 2017-இல், அமெரிக்க இதழியலின் உயரிய விருதான புலிட்சர் பரிசு கிடைத்தது.

இதில் நாம் கைக்கொள்ள வேண்டியது, முதலில், கேள்வியின் கூர்மை. "மழைநீர் வடிகால் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்பதைவிட, "கடந்த மழையில் உங்கள் தெருவில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது? படத்தையும் தேதியையும் அனுப்புங்கள்" என்று கேட்டால், பதில் சொல்பவருக்கும் எளிது, சரிபார்ப்பவருக்கும் எளிது. அதோடு, இதுவரை நீங்கள் தேடியதையும் கிடைக்காததையும் மறைக்காமல் காட்டுங்கள். நிருபர் உழைத்திருக்கிறார் என்று கண்ட பிறகே வாசகர் தம் நேரத்தைத் தருவார். போட்டி ஊடகம் முந்திவிடும் என்ற அச்சம் இயல்பானதே என்றாலும், பெரும்பாலான செய்திகளில் அது மிகையானது.

ஆவணங்கள் மலைபோல் குவிந்திருந்தால் வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர்களின் செலவுக் கணக்குகள் 2009 ஜூனில் வெளியானபோது, 4.5 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களை அந்நாட்டு நாளிதழான கார்டியன் இணையத்தில் வாசகர் முன் வைத்தது. ஒரு பக்கத்தைப் படித்து, அது கவனிக்கத்தக்கதா இல்லையா என்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்; 20,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். ஆயினும் இத்தனை பெரிய குவியலில் முடிவு கண்ணுக்குத் தெரியாமல் சோர்வு வரும் என்பதால், டிசம்பரில் அடுத்த தொகுதி வந்தபோது அதைச் சிறு பணிகளாகப் பகுத்தே கொடுத்தனர். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.

வரும் தகவல் எதையும் அப்படியே அச்சேற்றக் கூடாது. டோரல் விடுதியில் பயணி எடுத்த புகைப்படம் பல மாதங்கள் பழையது; அமெரிக்காவின் ஸ்பானிய மொழித் தொலைக்காட்சியான யூனிவிஷனின் செய்தியாளர் ஒருவர் அங்கே நேரில் சென்று பார்த்த பிறகே டிரம்பின் உருவப்படம் அங்கே இருப்பது உறுதியானது. அனுப்பியவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். அவர் பெயரை வெளியிடலாமா என்பதை அவர் வாயாலேயே கேட்டறியுங்கள். செய்தி வெளியானதும், பயன்படுத்தப்படாத தகவலை அனுப்பியவர்கள் உட்பட உதவிய அனைவருக்கும் அதன் இணைப்பை அனுப்பி, அவர்கள் தந்ததை என்ன செய்தீர்கள் என்று ஓரிரு வரிகளில் எழுதுங்கள்.