டேப்லெட் கேஸ் வடிவமைப்பில் கோட்டை விடும் இடங்கள்

3டி பிரிண்டர் விலை இறங்கியதிலிருந்து கேஸ் வடிவமைப்பு வீட்டு மேசையிலேயே நடக்கிற வேலையாகிவிட்டது. நல்ல விஷயம்தான். படிப்பு முடித்த கையோடு பலர் சாம்பிளை எடுத்துக்கொண்டு வந்து அபிப்பிராயம் கேட்கிறார்கள். பார்த்தால், இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் செய்த அதே தவறுகள் வரிசையாக இருக்கின்றன. பட்டன் இடம் மாறுவது, ஓட்டை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. முதல் பிரிண்டை மாட்டிப் பார்த்ததுமே அவை தெரிந்துவிடும், திருத்திவிடலாம். மாட்டும்போது அழகாக உட்கார்ந்துவிட்டு, மோல்டுக்கு, அதாவது கேஸை வார்க்கும் எஃகு அச்சுக்கு, பணம் கட்டிய பிறகு கழுத்தைப் பிடிக்கிற தவறுகள் வேறு. அவற்றைப் பற்றித்தான் இது.

போன் கேஸை இழுத்துப் பெரிதாக்குவது

பத்தாம் தலைமுறை ஐபேட் 248.6 மி.மீ. நீளம், 477 கிராம் எடை. போனைவிட எடை இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் எடையைவிட நீளம்தான் அதிகம் படுத்தும்.

போனில் ஒன்றரை மி.மீ. டிபியூ (ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக்) உறை நன்றாகப் பிடிக்கும். நான்கு மூலைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் சுவர் விறைப்பாக நிற்கும். அதே சுவரை 25 செ.மீ. நீளத்துக்கு இழுத்தால் நடுவில் தொளதொளவென்று ஆகிவிடும். விரலால் லேசாக நெம்பினாலே கழன்று வரும். டேப் மூலையில் விழும்போது கேஸ் கோணலாகிறது, நீளப் பக்கம் வாயைத் திறக்கிறது, டேப் பாதி வெளியே வந்து இரண்டாவது அடியை வெறும் உடம்பில் வாங்குகிறது. “கேஸ் போட்டும் உடைஞ்சிருச்சு” என்று வரும் புகார்களில் நிறைய இந்த வகைதான்.

நீளச் சுவரை நேர்கோடாக வரையாதீர்கள். டேப் உள்ளே இல்லாதபோது சுவரின் நடுப்பகுதி உள்பக்கமாகக் கொஞ்சம் வளைந்திருக்கட்டும். மாட்டியதும் அது நேராகி, டேப்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். அப்படியும் போதவில்லை என்றால் முதுகில் பாலிகார்பனேட் என்ற கடினமான பிளாஸ்டிக்கில் ஒரு தகடு வேண்டும். சுவரை இன்னும் தடிமனாக்குவது இதற்குத் தீர்வு அல்ல.

மூலையை அடைத்துக் கெட்டியாக்குவது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிற தவறு இதுதான். பணத்தை அதிகம் தின்பதும் இதுதான்.

கோவையிலிருந்து ஒரு இளைஞர் கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ்ஸுக்குக் கேஸ் செய்துகொண்டு வந்திருந்தார். டியூஷன் சென்டர்களுக்கு மொத்தமாக விற்கும் திட்டம். மூலையில் 5 மி.மீ. டிபியூ, இடைவெளியே இல்லாமல் நிரப்பியது. அதற்கு மேல் 2 மி.மீ. பாலிகார்பனேட் ஓடு. கையில் வாங்கினால் கனமாக, உறுதியாக இருந்தது. இடுப்பு உயரத்தில் மொசைக் தரையில் கைதவறி விழுந்ததாம். கேஸ் மூலையில் ஒரு கீறல்கூட இல்லை. டேப்பின் கண்ணாடியிலோ அதே மூலையிலிருந்து இரண்டு விரிசல் கிளம்பி நடுத்திரை வரை போயிருந்தது. டேப் மட்டமான பீஸ் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். அடுத்த சாம்பிளில் மூலையை 6 மி.மீ. ஆக்கப் போவதாகச் சொன்னார்.

கேஸில் கீறல் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். அது அடியை வாங்கவே இல்லை, அப்படியே உள்ளே கடத்திவிட்டது.

கணக்கு சின்னதுதான். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது நொடிக்கு 4.4 மீட்டர் வேகத்தில் வருகிறது, அதாவது மணிக்குச் சுமார் 16 கி.மீ. அந்த வேகம் முழுவதும் நிற்க எவ்வளவு தூரம் கொடுக்கிறோம் என்பதே கேள்வி. விழுந்த உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்தால், டேப் மீது விழும் அதிர்ச்சி புவியீர்ப்பைப்போல எத்தனை மடங்கு என்று தோராயமாகத் தெரியும். 1 மி.மீ.க்குள் நின்றால் சராசரி 1000 மடங்கு. 4 மி.மீ. கிடைத்தால் 250 மடங்கு. இது சராசரிதான். மூலை ஸ்பிரிங் போல அமுங்கினால் உச்சம் இதைப்போல இரண்டு மடங்கு போகும். கேஸ் செய்கிறவர் கையில் இருப்பது அந்த நிற்கும் தூரம் ஒன்றே.

சரி, 5 மி.மீ. டிபியூ இருக்கிறதே, அது அமுங்காதா என்று கேட்பார்கள். ரப்பர் மாதிரியான பொருள்கள் கன அளவில் சுருங்கவே சுருங்காது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் அழுத்தினால் இன்னொரு பக்கம் பிதுங்கும். பிதுங்க இடம் இருந்தால்தான் அமுங்கும். வழிய வழிய மாவு அடைத்த டப்பாவை உள்ளங்கையால் எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது, அதே மாவைப் பலகையில் வைத்து அழுத்தினால் பரந்துவிடும். அந்த இளைஞரின் மூலையில் உள்பக்கம் டேப், வெளிப்பக்கம் பாலிகார்பனேட், நடுவில் இடமே இல்லாமல் டிபியூ. மென்மையான பொருளை வாங்கி, அதைக் கல்லாக்கி வைத்திருந்தார். 5 மி.மீ.யில் அரை மி.மீ.கூட நகர்ந்திருக்காது.

எனவே மூலைக்குள் காற்றுக்கு இடம் விடுங்கள். உள்சுவரில் மெல்லிய வரிகளும், வரிகளுக்கு இடையே பள்ளங்களுமாக இருக்கட்டும். விழும்போது வரிகள் மடங்கிப் பள்ளத்துக்குள் சாயும், அதுதான் நிற்கும் தூரம். கடினமான ஓடு வைத்தே ஆக வேண்டும் என்றால் மூலையில் மட்டும் அதை வெட்டிவிட்டு டிபியூவை வெளியே காட்டுங்கள். ரொம்ப மென்மையான டிபியூ கிரேடு எடுத்தாலும் ஆபத்துதான். வரிகள் முதல் நொடியிலேயே படுத்துவிட்டால் மிச்ச வேகம் முழுக்கக் கண்ணாடிக்குப் போகும். பெரும்பாலான கேஸ்கள் ரப்பரின் கடினத்தன்மையைச் சொல்லும் ஷோர் ஏ அளவில் 85க்கும் 95க்கும் இடையில் இருப்பது சும்மா இல்லை.

இதில் பணம் எங்கே போகிறது என்றால், மோல்டில். இன்ஜெக்‌ஷன் மோல்டில் எஃகைச் செதுக்கி எடுப்பது சுலபம், சேர்ப்பது கஷ்டம். கேஸில் பள்ளம் இருக்கும் இடத்தில் மோல்டில் எஃகு புடைத்து நிற்கும். முதலில் பள்ளங்களை வைத்தே மோல்டு செய்துவிட்டால், மூலை தொளதொளப்பாகத் தெரிந்தால் அந்தப் புடைப்பைக் கொஞ்சம் அரைத்து எடுத்தால் போதும், பள்ளம் ஆழம் குறையும். டூல் ரூமில் சின்ன வேலை. மாறாக, அடைத்த மூலையாக மோல்டு செய்துவிட்டுப் பிறகு பள்ளம் வேண்டும் என்றால், இல்லாத எஃகை வெல்டிங் செய்து சேர்க்க வேண்டும். ஒன்றரை மி.மீ. அகலப் புடைப்புக்கெல்லாம் வெல்டிங் நிற்காது. வெல்டிங் பட்ட இடத்தின் கடினத்தன்மையும் மாறும், பாலிஷும் ஒட்டாது. கடைசியில் மோல்டின் அந்தப் பாதியையே புதிதாகச் செய்ய வேண்டி வரும். அந்த இளைஞர் மோல்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்திருந்தார். நல்லவேளை, எஃகு இன்னும் வெட்டவில்லை.

அடைத்த மூலைக்கு இன்னொரு செலவும் உண்டு. மோல்டுக்குள் பிளாஸ்டிக் ஆறும் நேரம் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். சுவர் 2 மி.மீ., மூலை 4 மி.மீ. என்றால் மூலை ஆற நான்கு மடங்கு நேரம். மூலை ஆறும்வரை முழுக் கேஸும் காத்திருக்கும். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் மூலையின் வெளிப்பக்கம் குழி விழும். ஒவ்வொரு பீஸிலும் இந்தக் காசு போய்க்கொண்டே இருக்கும்.

மோல்டு கொடுக்கும்போது நான்கு மூலைகளையும் தனித்தனியே கழற்றும் இன்சர்ட்டாகக் கேளுங்கள். கொஞ்சம் கூடுதல் ஆகும், கொடுங்கள். பிறகு மூலையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வரிகளும் பள்ளங்களும் மோல்டு திறக்கும் திசையிலேயே ஓடட்டும், இல்லாவிட்டால் பீஸ் பிரியும்போது கிழியும்.

மூலை வேலை செய்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். குழந்தைகள் விளையாடும் கலர் களிமண்ணில் ஒரு சிட்டிகை எடுத்துப் பள்ளத்துக்குள் வையுங்கள். பழுதான டேப் ஒன்றைக் கேஸில் மாட்டி மூலை கீழே வரும்படி போடுங்கள். கழற்றிக் களிமண்ணின் தடிமனை வெர்னியரில் அளந்து பாருங்கள். வைத்ததில் கால்வாசி மிச்சமிருந்தால் மூலை பெரும்பகுதித் தூரத்தைப் பயன்படுத்தி, இன்னும் கொஞ்சம் கையிருப்பு வைத்திருக்கிறது. காகிதம் கனத்துக்கு நசுங்கிப்போயிருந்தால் அடிதட்டிவிட்டது, வரிகளைத் தடிமனாக்குங்கள். வைத்தபடியே இருந்தால் மூலை மிகவும் விறைப்பு. பிரிண்டரில் வளையும் டிபியூ இழையில் எடுத்த சாம்பிளிலேயே இதைச் செய்துவிடலாம். மோல்டில் வரும் பீஸும் அதுவும் அச்சு அசலாக ஒன்றல்ல என்றாலும், அடைத்த மூலையா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

திரைக்கு மேல் விளிம்பு

பார்க்க ஒல்லியாக இருக்க வேண்டும் என்று அரை மி.மீ. விளிம்பு வைக்கிறார்கள். வாங்குபவர் மேலே டெம்பர்டு கிளாஸ் ஒட்டுவார், அதிலேயே 0.3 மி.மீ. போய்விடும். தட்டையான தரையில் எப்படி வைத்தாலும் கண்ணாடி 1 மி.மீ. தள்ளியே இருக்க வேண்டும் என்று ஆப்பிள் தன் துணைக்கருவி வழிகாட்டியில் சொல்கிறது. ஒட்டிய கிளாஸுக்கும் மேல் அந்த 1 மி.மீ. வரும்படி கணக்கிடுங்கள். திரையின் ஓரத்திலிருந்து இழுக்கும் விரலுக்குத் தடையாக இல்லாமல் உள்பக்கத்தைச் சரிவாக்கிவிடுங்கள்.

சார்ஜர் ஓட்டை

டேப்போடு வந்த கேபிளை வைத்து அளக்காதீர்கள். வீட்டில் இருக்கும் கேபிள் அதைவிடக் குண்டாக இருக்கும். யுஎஸ்பி-சி தரவரையறையில் பிளக்கின் பிடி அதிகபட்சம் 12.35 × 6.5 மி.மீ. வரை இருக்கலாம். ஓட்டை அதற்கும் கொஞ்சம் மேலே இருக்கட்டும். டிபியூ ஆறும்போது சுருங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஃபிளாஷ் பக்கத்தில் வெளிர் நிறம்

கேமரா ஓட்டையைச் சுற்றிக் கருப்பு வளையம் போடுங்கள். இல்லாவிட்டால் போட்டோ வெளிறும்.

காந்தம்

மூடியை மூடினால் திரை அணைவதற்கு வைக்கும் காந்தம், மூடியைப் பின்னால் மடித்துவிட்டால் முதுகுப் பக்கமிருந்தே சென்சாரை எட்டிவிடும். படித்துக்கொண்டிருக்கும்போது திரை அணைந்து அணைந்து வரும். டேப் கெட்டுவிட்டது என்று வாடிக்கையாளர் சர்வீஸ் சென்டருக்கு அலைவார். மடித்த நிலையிலும் சோதித்த பிறகே காந்தத்தின் இடத்தை முடிவு செய்யுங்கள். பென்சில் ஒட்டிச் சார்ஜ் ஆகும் ஐபேட்களில் அந்தப் பக்கச் சுவர் திறந்திருக்க வேண்டும், அல்லது மிக மெல்லியதாக இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் தடித்த சுவர் வைத்தால் பென்சில் ஒட்டுவதுபோல் ஒட்டும், ஆனால் சார்ஜ் ஏறாது.

சூடு

ஐபேடை 0 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். நம் ஊர் மே மாதம் அதைத் தாண்டித்தான் ஆரம்பிக்கிறது. டேப்புக்குள் விசிறி கிடையாது, சூட்டில் பெரும்பகுதி முதுகு வழியாகவே வெளியேற வேண்டும். அந்த முதுகு முழுக்க ஃபோம் ஒட்டிய கேஸை மாட்டிச் சார்ஜும் போட்டு வீடியோ ஓடவிட்டால், திரை வெளிச்சம் தானே குறையும், சார்ஜ் ஏறுவது நிற்கும். முதுகில் அடி விழுவது குறைவு. அங்கே உள்பக்கம் வரிசையாக மெல்லிய புடைப்புகள் வைத்துக் காற்று போகவிடுங்கள், தடிமனை மூலைக்குக் கொடுங்கள்.

ரெக்சின் உறை

பியூ ரெக்சின் கடலோர ஊர்களில் உரியும். தவிர்த்துவிடுங்கள்.

கண்ணாடி போன்ற டிபியூ

மஞ்சளாகும். மஞ்சளாகவே ஆகாது என்று பெட்டியில் அச்சடிக்காதீர்கள்.

“மிலிட்டரி கிரேடு”

எம்ஐஎல்-எஸ்டிடி-810 என்ற அமெரிக்க ராணுவத் தரத்தில் உள்ள டிராப் டெஸ்ட்டைப் படித்துப் பார்க்காமலேயே பெயரை மட்டும் போடுகிறார்கள். 122 செ.மீ. உயரத்திலிருந்து 26 முறை போட வேண்டும். 6 முகம், 12 விளிம்பு, 8 மூலை. ஆனால் அந்த 26ஐ ஐந்து பீஸ் வரை பிரித்துக்கொள்ளலாம் என்றும் அதில் இருக்கிறது. தரை, கான்கிரீட் மேல் வைத்த 5 செ.மீ. பிளைவுட்டாகவும் இருக்கலாம். பாஸ் ஆனது என்று ராணுவம் யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை, கம்பெனிகள் தாங்களே சொல்லிக்கொள்வதுதான்.

சோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை. 26 கோணங்களும் நல்ல பட்டியல், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிளைவுட்டில் பாஸ் ஆன கேஸ் நம் வீட்டு டைல்ஸிலும் கிரானைட்டிலும் தாங்கும் என்று அர்த்தமில்லை. மரம் கொஞ்சம் அதிர்ச்சியை வாங்கும், கிரானைட் வாங்காது. அதனால் டைல்ஸில் போடுங்கள், ஒரே கேஸில் போடுங்கள். முதல் அடியில் தப்பிய கேஸ் ஐந்தாவது அடியில் வாய் பிளக்கிறதா என்று பார்க்க அதுதான் வழி. வெயிலில் நின்ற காருக்குள் ஒரு மதியம் வைத்து எடுத்த கேஸையும் போட்டுப் பாருங்கள். சூடான டிபியூ இளகும், காலையில் தாங்கிய மூலை அப்போது அடிதட்டலாம்.

எந்த மாடலுக்கு

மோல்டு செலவு பீஸ்களின் எண்ணிக்கையில்தான் அடைபடும் என்பதால், ஒரே மோல்டு எத்தனை மாடலுக்குப் பொருந்தும் என்று முதலில் பாருங்கள். 2019, 2020, 2021இல் வந்த 10.2 அங்குல ஐபேட் மூன்றுக்கும் ஒரே உடம்பு. 2022இல் வந்த பத்தாம் தலைமுறைக்கும் 2025இல் வந்த ஏ16 ஐபேடுக்கும் ஒரே அளவு. ஆனால் ஒன்பதாம் தலைமுறை கேஸ் பத்தாவதுக்குப் பொருந்தாது. அதில் முன்கேமராவே நீளப் பக்கத்துக்கு மாறிவிட்டது. கேலக்ஸி டேப் ஏ9, ஏ9 பிளஸ் என்று பெயர் ஒட்டி இருந்தாலும் ஒன்று 8.7 அங்குலம், மற்றது 11. ஆப்பிள் தன் சாதனங்களின் அளவு வரைபடத்தை வெளியிடுகிறது, அதிலிருந்து எடுங்கள். அப்படி வரைபடம் கைக்குக் கிடைக்காத டேப் என்றால் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி அளந்த பிறகு வரையுங்கள். இன்னும் கடைக்கு வராத மாடலுக்கு, கசிந்த படத்தை நம்பி எஃகை வெட்டக் கொடுக்காதீர்கள்.