மெல்லிய கம்பிகளின் இழுவிசைச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் உள்ள சோதனைக் கூடங்களில், ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துத் தமிழ் இளைஞர்கள் பலர் பணிபுரிகிறார்கள். தடித்த கம்பிகளையும் தகடுகளையும் அறும்வரை இழுத்து வலிமையை அளந்து பழகிய அவர்களிடம், முடியளவே தடிமனுள்ள கம்பி ஒன்று சோதனைக்கு வரும்போது, பழைய பழக்கங்களில் சில அப்படியே பிழைகளாக மாறிவிடுகின்றன. அவற்றுள் முதன்மையானது, ஒரே கம்பியிலிருந்து வெட்டிய ஐந்து துண்டுகளும் ஏறக்குறைய ஒரே வலிமையைக் காட்டிவிட்டால் அளவீடு சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுவது. விட்டத்தை ஒருமுறை தவறாக அளந்து, அந்த எண்ணையே ஐந்து துண்டுகளுக்கும் கணினியில் கொடுத்தால், ஐந்து விடைகளும் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போகும். ஆனால் ஐந்தும் தவறாகவே இருக்கும்.

விட்டத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான பிழை அங்கிருந்துதான் வருகிறது. இழுவிசை வலிமை என்பது விசையைக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்துக் கிடைப்பது; பரப்போ விட்டத்தின் இருமடியைச் சார்ந்தது. ஆகவே 0.100 மி.மீ. கம்பியை 0.102 என்று படித்தால், விட்டத்தில் 2 சதவீதமாக இருக்கும் பிழை பரப்பில் 4 சதவீதமாகிவிடுகிறது. 5 மி.மீ. கம்பியில் இதே இரண்டு மைக்ரான் (0.002 மி.மீ.) பிழை யார் கண்ணுக்கும் படாது. மைக்ரோமீட்டரில் அழுத்தம் மிகாமல் காக்கும் ராட்செட் என்ற திருகுமுனையைப் பயன்படுத்தாமல் கைப்பிடியை நேராகத் திருகுவது, முகங்களைத் துடைக்காமல் அளப்பது, சுருள் நேராகாத கம்பியை அப்படியே வைத்து அளப்பது ஆகியவை எல்லாம் இந்த அளவு பிழையை எளிதில் தந்துவிடும். பூஜ்யத்தைச் சரிபார்த்தால் மட்டும் போதாது. கம்பியின் அளவுக்கு நெருக்கமான, அளவு உறுதி செய்யப்பட்ட மெல்லிய உருளைத் தண்டான ஊசிக் கேஜ் ஒன்றையும் அளந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளந்தால், கம்பி வட்டமாக இருக்கிறதா என்பதும் தெரியவரும்.

மோட்டார் வைண்டிங் கம்பிகளில் இன்னொரு கண்ணி உண்டு. மேலுள்ள மின்காப்புப் பூச்சான எனாமலோடு சேர்த்து அளந்து, 0.100 மி.மீ. செம்பை 0.110 என்று கொடுத்தால் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். நல்ல கம்பியும் வலிமை குறைந்ததாகத் தோன்றும். எனாமலைப் பிளேடால் சுரண்டினால் செம்பில் கீறல் விழும். தீயில் எரித்தால் கம்பி மென்மையாகிவிடும். விட்டம் அளக்கும் துண்டை மட்டும் தகுந்த கரைப்பானால் சுத்தம் செய்துகொண்டு, இழுக்கும் துண்டைத் தொடாமல் விடுவதே நல்லது.

பூச்சில்லாத கம்பியாக இருந்தால், எடைபோட்டுப் பரப்பைக் கண்டறியும் பழைய முறையை நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன். 0.100 மி.மீ. செம்புக் கம்பியில் 10 மீட்டர் நீளம் சுமார் 0.704 கிராம் இருக்கும். 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசும், ஒரு சென்டிமீட்டருக்குள் சரியான நீளமும் இருந்தால், மைக்ரோமீட்டரைவிடத் துல்லியமான சராசரிப் பரப்பு கிடைத்துவிடும். இடையில் மெலிந்த இடங்கள் இருந்தால் அவற்றை மட்டும் இம்முறை காட்டாது.

அடுத்தது, இழுக்கும் விசையை அளக்கும் உணரியான லோடு செல். சூடாக்கி மென்மையாக்கிய அதே 0.100 மி.மீ. செம்புக் கம்பி 1.8 நியூட்டன் அளவிலேயே அறுந்துவிடும். யூடிஎம் எனப்படும் இழுவிசைச் சோதனை இயந்திரத்தில் எப்போதும் மாட்டியிருக்கும் 10 கிலோநியூட்டன் செல்லுக்கு அது திறனில் 0.02 சதவீதம்கூட இல்லை. திரையில் எண் ஓடுகிறது என்பதற்காக அது அளவீடு ஆகிவிடாது. கேலிபிரேஷன் சான்றிதழில் எந்த விசையிலிருந்து சரிபார்த்திருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். அந்தக் கீழ் எல்லைக்குக் கீழே வரும் எந்த எண்ணுக்கும் சான்றிதழ் பொறுப்பேற்பதில்லை.

பிடிப்பும் விட்டத்துக்கு இணையான கவனத்தைக் கேட்கிறது. பிடிப்பானின் (கிரிப்) சொரசொரப்பான தாடை, அதாவது ஜா, மெல்லிய கம்பியில் பள்ளம் பதித்துவிடுகிறது; கம்பி அந்த இடத்திலேயே அறுகிறது. அப்படிக் கிடைத்த விசை, கம்பி குறைந்தபட்சம் இவ்வளவு தாங்கும் என்பதை மட்டுமே சொல்லும். கம்பியை உருளையில் சில சுற்று சுற்றிப் பிடிக்கும் கிரிப் வலிமைச் சோதனைக்கு மிகவும் பொருத்தமானது. ஆனால் அதில் கம்பி உருளைமேல் சற்று நகர்வதால், இயந்திரத்தின் குறுக்குச் சட்டம் நகர்ந்த தூரத்தைக் கம்பியின் நீட்சியாக எடுத்துக்கொண்டால் கம்பியின் விறைப்பைக் காட்டும் யங் குணகம் குறைவாகவே வரும். நீட்சி வேண்டுமென்றால் அதைக் கம்பியின் மீதே அளக்க வேண்டும். சோதனை நீளத்தையும் மனம்போல வைக்கக் கூடாது. ஐஎஸ்ஓ 6892-1 தரநிலை, 4 மி.மீ.க்கு மெலிந்த கம்பிகளுக்கு நீட்சியை அளக்கும் பகுதிக்கு 100 அல்லது 200 மி.மீ. தொடக்க நீளத்தைக் குறிப்பிடுகிறது.

ஸ்பூலிலிருந்து எடுத்த கம்பியை விரல்களால் உருவி நேராக்குவது பலருக்கும் கைவந்த பழக்கம். மென்மையான செம்பு அந்த உருவலிலேயே கொஞ்சம் இறுகிவிடும். சிறு முன்விசை கொடுத்துத் தளர்வை நீக்கிவிட்டு, எவ்வளவு கொடுத்தோம் என்று எழுதி வைத்தால் போதும்.

அறிக்கையில் அந்தச் செம்புக் கம்பியின் வலிமையை 229.18 மெகாபாஸ்கல் என்று எழுதுவதும் தவறுதான். விட்டம் ஒரு மைக்ரானுக்குள்தான் தெரியும் என்றால், பரப்பில் 2 சதவீத ஐயம் இருக்கிறது. ஆகவே 229, கூடவோ குறையவோ 5 என்று எழுதுவதே நேர்மை. ஜாவில் அறுந்தவை எத்தனை, ஒதுக்கியவை எத்தனை, ஏன் ஒதுக்கினோம் என்பதும் அதில் இடம்பெற வேண்டும். அதே ஸ்பூலின் அடுத்தடுத்த துண்டுகளை வேறொருவர், விட்டம் உட்பட எல்லாவற்றையும் புதிதாக அளந்து சோதிக்கட்டும். இருவரின் சராசரிகளுக்கு இடையிலான வேறுபாடு ஒருவரின் துண்டுகளுக்குள் இருக்கும் சிதறலைவிடத் தெளிவாகப் பெரிதாக இருந்தால், முதலில் இருவரும் எழுதிய விட்டத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அதன்பிறகு கிரிப்பைக் கழற்றுங்கள்.