வானம் வாஷிங்டனுடையது, தரை வேறொருவருடையது: அமெரிக்காவில் ட்ரோன் பறக்கவிடுவோர் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் ட்ரோன் வாங்கும் நம்மவர்களுக்கு 249 என்ற எண் மனப்பாடம். எடை 250 கிராமுக்குள் இருந்தால் சட்டம் எதுவும் கிடையாது என்று யாரோ சொல்லக் கேட்டு, அதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். அந்த எடைக்குக் கிடைக்கும் சலுகைகள் உண்மையில் இரண்டுதான். எஃப்.ஏ.ஏ. என்னும் மத்திய விமானப் போக்குவரத்து அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டியதில்லை. ட்ரோன் இருக்கும் இடத்தை ஒலிபரப்பும் ரிமோட் ஐடியும் தேவையில்லை. அதுவும் பொழுதுபோக்காகப் பறக்கவிடும் வரைக்கும்தான். நீண்ட நேரம் தாங்கும் பெரிய பேட்டரியை மாட்டினால் எடை ஏறி, அந்தச் சலுகையும் போய்விடும். பதிவுக்கட்டணம் என்னவோ மூன்று ஆண்டுகளுக்கு 5 டாலர். அதை மிச்சம் பிடிக்க இத்தனை கணக்கு எதற்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

மற்ற விதிகள் எல்லா எடைக்கும் பொதுவானவை. 400 அடிக்கு மேல் போகக்கூடாது. ட்ரோன் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். விமான நிலையத்தைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வான்வெளியில் முன் அனுமதி வேண்டும். டிரஸ்ட் என்ற இலவச இணையத் தேர்வை முடித்து, சான்றிதழைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

சின்ன ட்ரோனால் என்ன ஆகிவிடும் என்பவர்கள் 2025 ஜனவரி 9-ஐ நினைத்துப் பார்க்கலாம். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் காட்டுத்தீ எரிந்துகொண்டிருந்தது. ஒருவர் சான்டா மோனிகாவில் ஒரு பார்க்கிங் கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து, தீயைப் பார்ப்பதற்காக ட்ரோனை ஏவினார். அது இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் போய் அவர் கண்ணிலிருந்து மறைந்தது. பிறகு, கனடாவின் கியூபெக்கிலிருந்து உதவிக்கு வந்து கடல்நீரை அள்ளித் தீயில் ஊற்றிக்கொண்டிருந்த விமானத்தின் இறக்கையில் மோதியது. மூன்று அங்குலத்துக்கு ஆறு அங்குல ஓட்டை. தண்ணீர் ஊற்ற வேண்டிய விமானம் பழுதுபார்க்க நின்றது. அந்த ட்ரோன் 250 கிராமுக்கு உட்பட்ட ரகம். ஓட்டியவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

அடுத்தது, ‘காசு வாங்கவில்லையே, அப்புறம் எப்படித் தொழில் ஆகும்?’ என்ற வாதம். கோயிலில் கும்பாபிஷேகம், கோபுரத்தை மேலிருந்து எடுத்துத் தாருங்கள் என்று நிர்வாகக் குழுவினர் கேட்கிறார்கள். தட்ட முடியுமா? புண்ணியக் கணக்கில் எடுத்துக் கொடுக்கிறோம். படம் கோயில் இணையதளத்தில் ஏறுகிறது. எஃப்.ஏ.ஏ. பார்ப்பது பணத்தை அல்ல, நோக்கத்தை. ஓர் அமைப்புக்காகச் சேவையாகச் செய்தாலும் அது பொழுதுபோக்கு ஆகாது. நண்பர் வீட்டை விற்க மேலிருந்து படமெடுத்துக் கொடுத்தாலும் அப்படித்தான். எஃப்.ஏ.ஏ. விதிகளின் ‘பகுதி 107’-இன்படி உரிமம் வேண்டும். அதற்கான தேர்வில் 60 கேள்விகள், 70 விழுக்காடு தேர்ச்சி, 175 டாலர் கட்டணம். எடை என்னவானாலும் ஒவ்வொரு ட்ரோனையும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். கும்பாபிஷேகத்தில் கீழே நிற்கும் கூட்டத்தின் தலைக்கு மேல் பறப்பதற்குத் தனி விதிகள் உண்டு. மூடாத விசிறிகளோடு அங்கே போகாமல் இருப்பது நல்லது.

மிகுந்த குழப்பம் மாநில, நகரச் சட்டங்களில்தான். வான்வெளி மத்திய அரசின் பொறுப்பு. ஆனால் ட்ரோனை வைத்து ஏற்றி இறக்கும் தரைக்கு உரியவர் வேறு. எங்கே பறக்கலாம் என்று காட்டும் செயலியில் வான்வெளி தடையின்றித் தெரியும். நிற்கும் பூங்காவிலோ ட்ரோனுக்குத் தடை இருக்கும். தேசியப் பூங்காக்களில் 2014 முதல் தடை. அதே ஆண்டு எல்லோஸ்டோனின் வண்ணமயமான வெந்நீர் ஊற்றுக்குள் ஒரு சுற்றுலாப் பயணி ட்ரோனைப் போட்டுவிட்டு, மூவாயிரம் டாலருக்கு மேல் கட்டினார். நியூயார்க் நகரில் ஏற்றி இறக்க நகரக் காவல்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். டெக்சாஸில் தனியார் நிலத்தையோ அங்கிருப்பவரையோ கண்காணிக்கும் நோக்கில் ட்ரோனால் படமெடுப்பது மாநிலச் சட்டப்படி குற்றம்.

நகரங்களும் எல்லை மீறுவதுண்டு. மாசசூசெட்ஸின் நியூட்டன் நகரம், தனியார் நிலத்துக்கு மேல் உரிமையாளர் அனுமதியின்றி 400 அடிக்குக் கீழே பறக்கக்கூடாது என்றது. மேலே போக எஃப்.ஏ.ஏ. விடாது, கீழே வர நகரம் விடாது; ட்ரோன் எங்கேதான் பறக்கும்? வழக்குப் போனது. 2017-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்றது.

தடை இருந்தால் ட்ரோன் தானே கிளம்பாது என்று நம்புவது பழைய பழக்கம். ட்ரோன் தயாரிக்கும் டி.ஜே.ஐ. நிறுவனம், தடையுள்ள இடத்தில் கிளம்பவிடாத பூட்டை 2025 ஜனவரியில் அமெரிக்காவில் எடுத்துவிட்டு எச்சரிக்கையை மட்டும் காட்டத் தொடங்கியது. எச்சரிக்கையைத் தள்ளிவிட்டுப் பறந்தால் பொறுப்பு ஓட்டுபவருடையது. நேற்று திறந்திருந்த இடம் இன்று மூடியிருக்கலாம். 30,000 பேரோ அதற்கு மேலோ அமரக்கூடிய அரங்கில் பெரிய லீக் பேஸ்பால் ஆட்டம் நடந்தால், தொடங்க ஒரு மணிநேரம் முன்பிருந்து முடிந்து ஒரு மணிநேரம் வரை சுற்றிலும் மூன்று கடல் மைல் தூரத்துக்குத் தடை.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ட்ரோனையும் பெட்டியில் வைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியை இந்தியா 2022 பிப்ரவரியில் தடை செய்தது. எஃப்.ஏ.ஏ. பதிவுச் சான்றிதழைச் சென்னை சுங்கத்தில் நீட்டிப் பயனில்லை.