சீரியல் பேராசிரியருக்கு இது தெரியாமல் இருக்குமா?

போன கிழமை சென்னைச் சீரியல் ஒன்றில் தமிழ்ப் பேராசிரியராக வருகிறவர், 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' பாரதியார் பாட்டு என்றார். நான் கத்திவிட்டேன். "பென்சன் எடுத்தாச்சு மச்சாள், இனிச் சும்மா பாருங்கோ" என்றார் பக்கத்தில் இருந்த மச்சாள். 31 வருடம் தமிழ் படிப்பித்தவளுக்குச் சும்மா பார்க்க வருமா?

ஆனால் உடனே சிரித்துவிடவும் கூடாது. தெரியாதது பாத்திரத்துக்கா, வசனம் எழுதியவருக்கா என்று முதலில் பாருங்கள். சுலபமான வழி, பக்கத்தில் நிற்பவர்களின் முகம். ஒருவராவது நெளிந்தால் கதை அதைத் தெரிந்தே செய்கிறது. அன்று மூன்று தமிழ் விரிவுரையாளர்கள் சுற்றி நின்று தலையாட்டினார்கள். சரி, பிழை எழுத்தாளருடையதுதான்.

அப்புறம், பாத்திரமாக வருகிற ஆள் இலக்கியப் படிப்பை எந்த வகுப்பில் விட்டார் என்று கணக்குப் போடுங்கள். எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் ஓ.எல். (பதினோராம் வகுப்புப் பரீட்சை) வரை தமிழ் மொழியும் இலக்கியமும் கட்டாயம். அதற்கு அடுத்த ஏ.எல்.லில் கணிதமோ விஞ்ஞானமோ எடுத்தால் அத்தோடு விட்டது. ஆகவே யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவருக்குப் புறநானூற்றில் இரண்டு பாட்டுத்தான் தெரியும் என்றால் நம்பலாம். அதையும் பரீட்சைக்குப் பாடமாக்கிய வேகத்தில் ஒப்புவித்து, பாதியில் நிற்க வேண்டும்.

ஒன்றுமே தெரியாது என்று காட்டினால்தான் எனக்குச் சந்தேகம் வரும். 'யாதும் ஊரே' வரி கணியன் பூங்குன்றனாருடையது, புறநானூறு 192. வரி தெரிந்து பெயர் தெரியாதவர்கள் ஏராளம். அடுத்தது 'தீதும் நன்றும் பிறர்தர வாரா' என்று தெரியாதவர்கள் அதைவிட அதிகம். 'கேளிர்' என்றால் உறவினர், நானே ஏ.எல். வகுப்பு வரை 'கேளுங்கள்' என்று நினைத்திருந்தேன்.

காதால் வந்த படிப்பையும் கணக்கில் எடுங்கள். அம்மம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். கோயிலில் புராணப் படிப்பு நடக்கும்போது ஒருவர் கந்தபுராணத்தை இழுத்து வாசிப்பார், மற்றவர் பயன், அதாவது பொருள், சொல்வார். வருடா வருடம் கேட்டுக் கேட்டுச் சூரபன்மன் போர் அம்மம்மாவுக்குத் தண்ணீர்பட்ட பாடு. பாரதியாரைக் கேட்டால் "அது ஆர்?" என்பார். கிழவிகள் என்றால் இப்படித்தான் ஓரிடம் மேடு, ஓரிடம் பள்ளமாக இருக்க வேண்டும்.

தொழிலை வைத்து அளப்பது வீண். 1966இல் 'மல்லிகை' இலக்கியச் சஞ்சிகையைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, யாழ்ப்பாணத்தில் சலூன் தொழில் செய்தவர்.

காலத்தையும் பாருங்கள். 1981இல் எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது சுமார் 97,000 புத்தகங்கள் போயின. அப்போது இங்கே மாணவராக இருந்த பாத்திரம் சில நூல்களைப் பெயரளவில் மட்டும் அறிந்திருந்தால், நான் வாய் திறக்கமாட்டேன்.

1887இல் சங்க நூலான கலித்தொகையைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளை யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டிக்காரர். சென்னை ஓட்டோக்காரருக்கு அவரைத் தெரியாதிருக்கலாம், சிறுப்பிட்டி ஓட்டோக்காரருக்கும் தெரியாதிருக்கலாம். சங்க இலக்கியம் படிப்பிக்கிற பேராசிரியருக்குத் தெரியாது என்றால் ரீவியை நிறுத்திவிடுங்கள்.

நேற்று அதே பேராசிரியர் ஒரு குறளை அதிகாரப் பெயரோடு பிழையில்லாமல் சொன்னார். மச்சாள் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணி போட எழும்பினேன்.