விக்டோரியா காலத்துப் பொதுப்புத்தி விவாதத்தைப் படிக்க, முதலில் ஒரு நூலிழையையும் மோதிரத்தையும் எடுங்கள்

நாம் யோசிக்காமலே நம்புகிற பொதுப்புத்தி பிறவியிலேயே வருகிறதா, பழக்கத்தில் சேர்கிறதா என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனில் ஒரு விவாதம் நடந்தது. அதைப் பற்றிய புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒரு முழ நூலிழையின் நுனியில் மோதிரத்தைக் கட்டுங்கள். மறுநுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, தாளில் கிழித்த ஒரு கோட்டுக்கு மேலே தொங்கவிடுங்கள். முழங்கையை எங்கும் ஊன்ற வேண்டாம். கையை ஆட்டாமல், மோதிரம் கோட்டின் வழியே ஆடப்போகிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டு அதையே பாருங்கள். கொஞ்ச நேரத்தில் பெரும்பாலோருக்கு அது ஆடத் தொடங்கிவிடும், கையை அசைக்கவே இல்லை என்று சத்தியமும் செய்வார்கள்.

1852இல் வில்லியம் பெஞ்சமின் கார்ப்பென்டர் என்ற ஆங்கிலேய உடலியங்கியலாளர் இதற்குக் காரணம் சொன்னார்: எதிர்பார்ப்பு மட்டுமே, நமக்குத் தெரியாமல் தசையை இயக்கப் போதும். மறுவருடம் லண்டனில் மேசைமேல் கை வைத்து உட்கார்ந்தால் ஆவி வந்து அதைத் திருப்புகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தபோது, விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே மேசைமேல் இரண்டு பலகைகளுக்கு நடுவே கண்ணாடி உருளைகளை வைத்து, கை லேசாகத் தள்ளினாலும் சாய்கிற மாதிரி ஒரு வைக்கோல் துரும்பைக் கடிகார முள் மாதிரிப் பொருத்தினார். கை வைத்திருந்த மேல்பலகை முதலில் நகர்ந்தது, அதாவது கைதான் தள்ளியது. அப்புறம் அந்த முள்ளை உட்கார்ந்திருந்தவர்களின் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்தார், மேசை நின்றுவிட்டது. இந்த இடத்தில் நிதானமாக நின்று யோசியுங்கள், நேர்மையான மனிதர்கள் தங்கள் கையைப் பற்றித் தாங்களே சொன்ன சாட்சி தவறாகப் போயிருக்கிறது.

சரி, இப்போது தத்துவத்துக்கு வரலாம், நம் மனம் சொல்வதை அப்படியே நம்பலாமா என்பதுதான் அங்கேயும் கேள்வி. பொதுப்புத்தி என்று நான் சொல்வது காமன் சென்ஸை, தேர்வுக்குப் படிக்கிற பொது அறிவை இல்லை. 1764இல் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி தாமஸ் ரீட், வெளியுலகம் உண்டு என்பது போன்ற சில நம்பிக்கைகள் மனித மனத்தின் அமைப்பிலேயே இருக்கின்றன, அவற்றுக்கு நிரூபணம் கேட்பதே வீண் என்றார். அந்த வழியில் வந்த வில்லியம் ஹாமில்டனை 1865இல் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் ஒரு தடித்த புத்தகம் எழுதி மறுத்தார், பிறவியிலேயே வந்தவை என்று நாம் நினைக்கிறவை அனுபவத்தில் சேர்ந்த பழக்கங்களாகவே இருக்கலாம் என்பது அவர் கட்சி. அந்தப் புத்தகம் முழுவதையும் முதல் சுற்றில் படிக்க வேண்டியதில்லை.

நேரத்தை கார்ப்பென்டருக்குக் கொடுங்கள். 1874இல் வந்த 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் மென்டல் ஃபிசியாலஜி' என்ற அவருடைய புத்தகத்தில் பொதுப்புத்திக்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது மூளையும் நரம்பும் அதற்கேற்றபடியே வளர்ந்துவிடுகின்றன, அப்படி ஊறிப்போன பயிற்சிதான் 'சட்டென்று தோன்றியது' என்று நாம் சொல்கிற தீர்ப்பாக வெளியே வருகிறது என்கிறார். எனக்கு இந்த விவாதத்திலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் பொதுப்புத்தி இங்கே மதிப்பிழக்காமலேயே வளர்க்கக்கூடிய ஒன்றாக மாறிவிடுகிறது. மில்லே 1872இல் கார்ப்பென்டருக்கு எழுதிய கடிதத்தில், பழக்கத்தால் வரும் எளிமைக்கு மூளையில் ஏதோ பௌதிக மாற்றம் காரணமாக இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்.

கடைசியாக உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி. அதே 1874இல் பெல்ஃபாஸ்டில் பேசும்போது, நனவு, அதாவது நாம் விழிப்போடு உணர்வது, ரயில் எஞ்சினின் ஊதல் மாதிரி, வண்டியை அது ஓட்டுவதில்லை என்றார். கார்ப்பென்டர் இதை ஏற்கவில்லை. எதைக் கவனிப்பது என்று தேர்ந்தெடுக்க மனவுறுதியால் முடியும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். இருவரையும் படித்துவிட்டு மறுபடி மோதிரத்தைப் பிடியுங்கள், ஆட ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டு, ஆட்டம் தொடர்கிறதா அடங்குகிறதா என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.