உணவுப் பாதுகாப்புப் பாடம்: நம்பகமான செய்முறைகளைத் தேடி எடுப்பது எப்படி?

'உணவுப் பாதுகாப்பு' என்று தேடுபொறியில் போட்டால் சமையல் டிப்ஸும் பிளாஸ்டிக் அரிசி வீடியோக்களும்தான் முந்திக்கொண்டு வரும். அறிவியல், மனையியல் ஆசிரியர்களுக்கு அதில் தேறுவது அபூர்வம். தேடும் வரிசையை மாற்றுங்கள்.

படி 1: முதலில் கேள்வி

தலைப்பை வைத்துத் தேடாமல் கேள்வியை வைத்துத் தேடுங்கள். 'பாலில் மாவு கலந்திருந்தால் எப்படித் தெரியும்?' என்பது கேள்வி. 'கலப்படம்' என்பது வெறும் தலைப்பு. ஒரு பீரியடுக்கு ஒரு கேள்வி போதும்.

படி 2: மூன்று இடங்களில் தேடுங்கள்

கலப்படச் சோதனைகளுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) வெளியிட்ட 'டார்ட்' கையேடு. பால், எண்ணெய், மசாலா என்று பிரித்து, வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளைப் படத்துடன் தருகிறது. பள்ளிகளுக்கென்று அவர்களே வெளியிட்ட 'மஞ்சள் புத்தகம்' தனியாக இருக்கிறது. சுகாதாரப் பழக்கங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2001இல் கொண்டுவந்த 'ஐந்து வழிகள்' சுவரொட்டி. முழுப் பாடத்திட்டம் வேண்டுமென்றால் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏவின் ஆசிரியர் கையேடு. நடுநிலைக்கும் மேல்நிலைக்கும் தனித்தனியாக, இலவசமாகக் கிடைக்கிறது.

படி 3: எண்களை ஒப்பிடுங்கள்

கிருமி பெருகும் 'ஆபத்து வெப்பநிலை' உலக சுகாதார நிறுவனத்தின்படி 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை. பிரிட்டன் பாடங்களில் 8, 63 என்று இருக்கும். இரண்டும் தவறில்லை, பிரிட்டனுடையவை சட்டம் வகுத்த வரம்புகள். இரண்டையும் கலந்து கரும்பலகையில் எழுதினால்தான் குழப்பம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பாடம் முழுக்க அதையே பயன்படுத்துங்கள். ஃபாரன்ஹீட்டை மாற்றாமல் அப்படியே எடுத்துவிடுவதும் அடிக்கடி நடக்கும் பிழை.

படி 4: வகுப்புக்கு முந்தின நாள் செய்து பாருங்கள்

பலர் தாண்டிப்போகும் படி இதுதான். பால் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2–3 மில்லி பாலில் 5 மில்லி தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் டிங்சர் அயோடின் 2–3 சொட்டு விடவேண்டும். நீலம் வந்தால் ஸ்டார்ச் (மாவுச்சத்து) இருக்கிறது.

கேட்க எளிது, சொதப்ப மூன்று வழி உண்டு. ஆறுவதற்குள் அயோடின் விட்டால், ஸ்டார்ச் இருந்தும் நீலம் வராது. சூட்டில் அந்த நிறச்சேர்மம் பிரிந்துவிடும். கொதிக்கவைக்காமல் விட்டாலும் நிறம் மங்கலாக வரலாம், மாவுத்துகள் வெந்து உடைந்தால் ஸ்டார்ச் நன்றாக வெளியே வரும். கடையில் டிங்சருக்குப் பதில் போவிடோன் அயோடின் கொடுத்தால் அதன் அடர்பழுப்பே நீலத்தை மூடிவிடும்; பத்து மடங்கு தண்ணீர் சேர்த்துப் பயன்படுத்துங்கள்.

இன்னொரு குழாயில் ஒரு சிட்டிகை மைதா கலந்த பாலை வைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். அது நீலமாகாவிட்டால் கோளாறு அயோடினிலோ செய்முறையிலோ இருக்கிறது. இந்த ஒப்பீட்டுக் குழாய் இல்லாத சோதனையைக் காட்டாமல் இருப்பதே மேல்.

சோதனையின் எல்லையையும் சொல்லிவிடுங்கள். தேனைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பது தண்ணீர் கலந்த தேனைத்தான் காட்டிக்கொடுக்கும். கெட்டியான சர்க்கரைப்பாகும் தேன் மாதிரியே அடியில் போய் உட்காரும்.

படி 5: நம்மூர்ப் பொருளுக்கு மாற்றுங்கள்

கைகழுவும் பாடங்களில் புறஊதா விளக்கில் மின்னும் பொடியைக் கேட்பார்கள். அதற்கு பதில் கையில் அரை ஸ்பூன் எண்ணெயும் பட்டைத்தூளும் தேய்த்து, முதலில் வெறும் தண்ணீரிலும் பிறகு சோப்பிலும் கழுவச் சொல்லலாம். மஞ்சள்தூள் மட்டும் வேண்டாம். சோப்பின் காரம் பட்டதும் அது சிவக்கும்; பிள்ளைகள் கைகழுவுவதை மறந்துவிட்டு அந்த வித்தையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். (அது வேறொரு பீரியடுக்கு அருமையான பாடம்.)

அமெரிக்கக் கையேட்டில் ஹாம்பர்கர் இறைச்சி வரும் இடத்தில் சோற்றை வையுங்கள். பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் அரிசி வெந்த பிறகும் உயிரோடிருக்கும். சோறு மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் பெருகி நச்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் வாந்தியை வரவழைக்கும் அந்த நச்சு அழியாது. 'சுடவைத்துத்தானே சாப்பிட்டேன்' என்று கேட்கும் மாணவனுக்கு பதில் அங்கே இருக்கிறது.